குதிரை வைத்தியம், இரண்டாம் பாகம்

பட்டுத்துணியில் சுற்றுவதற்காகப் புத்தகத்தைத் திருப்பிப் போட்டபோதுதான் பல் டாக்டர் அந்த வட்டத்தைப் பார்த்தார்.

பின்னட்டையில், பொன்னில் பொறித்த கிரீடத்துக்கு ஒரு விரற்கடை கீழே, காபிக் கோப்பையின் அடி அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி அத்தனை சுத்தமாக இருந்தது.

"இங்க வா!" என்று அவர் போட்ட சத்தத்தில், முன்னறை நாற்காலியில் பல் பிடுங்கிக்கொள்ளச் சாய்ந்திருந்த தலைமையாசிரியை பாதி எழுந்துவிட்டார். வீட்டின் முன்னறைதான் ஆஸ்பத்திரி. அடுத்த அறை புத்தக அறை. அதற்குப் பின்னால்தான் மனிதர்கள் வசிக்கும் பகுதி.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, அந்தம்மா வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"ஊசி போட்டாச்சு. மரத்துப்போக நேரமாகும். இது என்ன?"

"வட்டம்."

"வட்டம்னு எனக்கும் தெரியுது. யார் வெச்ச வட்டம்?"

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? இந்த ரூமுக்குள்ள காத்து நுழையணும்னாகூட உங்ககிட்ட அனுமதி வாங்கணும். நான் எங்க கோப்பையோட வந்தேன்?"

"அப்ப இது தானா முளைச்சுதா?"

"நேத்து சாயங்காலம் உங்க பழைய புஸ்தக சங்கத்துல பதினாலு பேர் வந்தாங்க. பதினாலு பேருக்கும் காபி கொடுத்தேன். எந்தப் புண்ணியவான் எங்க வெச்சானோ!"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புத்தகம் அவருடையதாக இருந்தால் கையைத் தலையில் வைத்ததோடு விஷயம் முடிந்திருக்கும். இது சகலையின் புத்தகம்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அரண்மனையின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அந்த அரண்மனையில் குதிரைப் பித்துப் பிடித்த மகாராணி ஒருத்தி வாழ்ந்திருக்கிறாள். அவள் தனக்கென்றே கட்டுவித்த 'குதிரை வைத்தியம்' இரண்டு பாகங்களும் அன்று விலைக்கு இருந்தன. அடர்சிவப்புத் தோலட்டை, முன்னும் பின்னும் ஐந்து முனைக் கிரீடம், தாள்களின் ஓரமெல்லாம் பொன்பூச்சு, முதல் பக்கத்தில் மகாராணியின் கையெழுத்து. முதல் பாகத்தை டாக்டர் பிடித்தார். பிடித்த சந்தோஷத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டுவதற்குள் இரண்டாம் பாகம் வேறொருவர் கையில் இருந்தது. அந்த வேறொருவர், அவர் மனைவியின் அக்காள் புருஷனான வக்கீல்.

முதல் பாகம் குதிரையின் வாயில் தொடங்கி வயிற்றில் முடியும். இரண்டாவது வயிற்றில் தொடங்கி வாலில் முடியும். "பல்லு எங்கிட்ட வந்துடுச்சு, பின்பக்கம் உங்களுக்குத்தான் சகலை" என்று டாக்டர் ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் ஆகாது. அவர் இவருக்கு விற்கமாட்டார். இவர் அவருக்கு விற்கமாட்டார். ஆனால் மற்றவரிடம் இருக்கும் பாதியை ஒரு தடவையாவது தன் பாதியோடு சேர்த்து வைத்துப் பார்க்காமல் இருவருக்கும் தூக்கம் வராது.

அதற்காகத்தான் வக்கீல் ஒப்பந்தம் எழுதினார். ஒரு வருஷம் இவர் புத்தகம் அங்கே ஒரு மாதம், அடுத்த வருஷம் அவர் புத்தகம் இங்கே ஒரு மாதம். ஐந்தாவது பிரிவில்தான் தூண்டில் முள் இருந்தது. மற்றவர் நூலுக்கு எவர் பொறுப்பில் சேதம் நேர்கிறதோ, அவர் தம் பாகத்தை நிபந்தனையின்றி மற்றவருக்கு ஒப்படைத்துவிட வேண்டும். சாட்சிக் கையெழுத்து, அக்காளும் தங்கையும்.

போன வருஷம் முதல் பாகம் வக்கீல் வீட்டுக்குப் போய் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தது. இந்த வருஷம் டாக்டரின் முறை. இன்றோடு மாதம் முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வக்கீல் வருகிறார்.

"மாசம் முழுக்க மரச்சட்டத்துல விரிச்சு வெச்சிருந்தேன், கையெழுத்துப் பக்கம் தெரியற மாதிரி. பின்னட்டையை யார் பார்த்தா?" என்று டாக்டர் முனகினார்.

"பேசாம அத்தானுக்கு போன் போட்டு உள்ளதைச் சொல்லிடுங்க."

"சொல்லி? முதல் பாகத்தைத் தட்டுல வெச்சுக் கொடுக்கச் சொல்றியா?"

"ஒரு கறைக்கா இவ்வளவு?"

அந்த வார்த்தை டாக்டரின் காதில் வேறு விதமாக விழுந்தது. அவர் நிமிர்ந்தார்.

"கறை! ஆமா, கறைதானே? இருபத்திரண்டு வருஷமா நான் என்ன தொழில் பண்றேன்? காபிக் கறை, டீக் கறை, சிகரெட் கறை... எத்தனை பேர் வாயிலேர்ந்து எடுத்திருக்கேன்!"

"அது பல்லுங்க. இது தோலு."

"கறை ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவர் புத்தகத்தோடு முன்னறைக்குப் போனார்.

தலைமையாசிரியை கண்ணை உருட்டிப் பார்த்தார். டாக்டர் பல் தேய்க்கும் சின்ன மின்தூரிகையில் பசையைத் தொட்டு, அவர் வாய்ப்பக்கம் வராமல், மடியில் வைத்திருந்த சிவப்புப் புத்தகத்தின் மேல் குனிந்தார். தூரிகை 'ர்ர்ர்' என்று சுற்றியது. வட்டத்தின் ஒரு ஓரம் மங்கியது. டாக்டரின் முகம் மலர்ந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார். வட்டம் மங்கியதோடு தோலின் சிவப்பும் மங்கி, அந்த இடம் ஈறு மாதிரி ரோஸ் நிறத்துக்கு வந்தது.

"பசையைத் துடைச்சா சரியாயிடும்" என்று ஈரப்பஞ்சால் துடைத்தார். தோல் தண்ணீரைக் குடித்தது. இப்போது கோப்பை அளவு வட்டம் இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம்.

"சொன்னேன்" என்றாள் வாசற்படியில் நின்ற மனைவி.

"உன் தலைமுடி காய வைக்கிற மெஷினைக் கொண்டா."

சூடான காற்று பட்டதும் ஈரம் மறைந்தது. டாக்டர் பெருமூச்சு விட்டார். விட்ட மூச்சு முடிவதற்குள் அட்டை 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. ஒரு முனை மெதுவாக எழுந்தது. பிறகு எதிர் முனை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னட்டை ஓடம் மாதிரி வளைந்து நின்றது.

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தலைமையாசிரியை மரத்த உதட்டோடு எதையோ சொல்லப் பாடுபட்டார்.

"இழ்ழிரி... வெய்ஹ்ஹ... ஈங்ஹ..."

"என்னம்மா சொல்றீங்க?"

"இழ்ழிரி! வெய்ஹ்... ஈங்ஹ!"

"இஸ்திரி வைங்க! பார்த்தியா, படிச்சவங்க படிச்சவங்கதான்!" என்று டாக்டர் துள்ளினார். "நேரா சூடு பட்டாத்தானே ஆபத்து? நடுவுல துணி போட்டு இஸ்திரி வெச்சா சமமாயிடும்."

தலைமையாசிரியை இரண்டு கைகளையும் ஆட்டினார். தன் யோசனை புரிந்துவிட்டதில் அந்தம்மாவுக்கு ஆனந்தம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். அவசரத்துக்குத் துணி அகப்படவில்லை. தான் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி அட்டையின் மேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார். வளைவு படிந்தது. நன்றாகவே படிந்தது. பெட்டியை எடுத்துவிட்டுக் கோட்டை உரித்தார்.

பின்னட்டையில் கிரீடம் இல்லை.

மூவரும் கோட்டைப் பார்த்தார்கள். இடது மார்பில், சட்டைப்பைக்கு மேல், மகாராணியின் ஐந்து முனைக் கிரீடம் பளபளவென்று தலைகீழாக உட்கார்ந்திருந்தது.

தலைமையாசிரியை வாயைத் துடைத்துக்கொண்டார். மருந்து தெளிந்திருந்தது. வார்த்தைகள் மணிமணியாக வந்தன.

"இஸ்திரி வைக்காதீங்க, வைக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேனே டாக்டர்!"

"வைக்காதீங்களா?"

"முப்பது வருஷமா பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறேன். இந்த மாதிரி ஒரு மாணவனை நான் பார்த்ததே இல்ல." அவர் கைப்பையை எடுத்துக்கொண்டார். "நான் நாளைக்கு வர்றேன். இதைப் பார்த்ததுல எனக்குப் பல்வலியே மறந்து போச்சு."

அவர் படி இறங்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. மனைவி எடுத்தாள். "அத்தானா? இருக்காங்க, இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பாம்பைக் கொடுப்பது மாதிரி போனை நீட்டினாள்.

"சகலை!" வக்கீலின் குரல் கணீரென்றிருந்தது. "அஞ்சு மணின்னு சொல்லியிருந்தேன்ல? கேஸ் தள்ளிப்போயிடுச்சு. மூணு மணிக்கே வந்துடறேன். புஸ்தகம் நல்லா இருக்குல்ல?"

"ஏன், நல்லா இல்லாம என்ன?"

"சும்மாதான் கேட்டேன். துணியில சுத்தியே வெச்சுடுங்க. பிரிச்செல்லாம் பார்க்க வேண்டியதில்ல. சகலைங்களுக்குள்ள என்ன நம்பிக்கைக் குறைச்சல்!"

'நம்பிக்கை என்று வக்கீல் சொன்னால் பூதக்கண்ணாடியோடு வருகிறார் என்று அர்த்தம்' என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் யோசனை வந்தது. அவருடைய யோசனைகளிலேயே அதுதான் பெரியது, ஆகவே அதுதான் மோசமானதும். அலமாரியைத் திறந்து தன் முதல் பாகத்தை எடுத்தார். அதே அளவு. அதே சிவப்பு. அதே கிரீடம். பின்னட்டை கண்ணாடி மாதிரி இருந்தது. முதுகில் எண் பொறித்து ஒட்டியிருந்த தோல் துண்டு ஒன்றுதான் வித்தியாசம்.

"என்ன பண்ணப்போறீங்க?" என்றாள் மனைவி.

"ஆபரேஷன்."

ஊரில் தோலட்டையைத் தொடத் தெரிந்த பைண்டர் ஒரே ஒருவர். கோர்ட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், வழக்குக் கட்டுகளைத் தைத்துக் கட்டும் கடை. டாக்டர் அதே கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றபோது அவர் மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு, பசைத் தூரிகையோடு உட்கார்ந்திருந்தார். வந்தவரின் மார்பில் இருந்த கிரீடத்தை ஒரு தடவை பார்த்தார். பசைத் தூரிகையைக் கீழே வைத்தார்.

டாக்டர் இரண்டு புத்தகங்களையும் மேஜைமேல் வைத்தார்.

"இந்த அட்டையை உரிச்சு அதுக்குப் போடணும். அதை உரிச்சு இதுக்குப் போடணும். முதுகுல இருக்கற நம்பர் துண்டையும் மாத்தி ஒட்டணும். மகாராணி கையெழுத்துப் போட்ட தாள் ரெண்டும் இருந்த இடத்துலயே இருக்கணும். ரெண்டரை மணிக்குள்ள வேணும்."

பைண்டர் இரண்டாம் பாகத்தைக் கையில் எடுத்தார். தேய்ந்து, வெளுத்து, கிரீடம் போன பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு முதல் பாகத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"டாக்டர், ஒரு விஷயம்..."

"ஒரு விஷயமும் வேணாம். நேரமில்ல."

"இல்ல, இந்த அட்டை வந்து..."

"பழசு, உரிச்சா கிழியும். அதானே? கிழியாம உரிங்க. தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க!"

இருபத்திரண்டு வருஷமாக எல்லோரையும் 'வாயைத் திறங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்த மனிதர், முதன்முறையாக ஒருவரை வாயை மூடச் சொன்னார். பைண்டரும் மூடிக்கொண்டார். மெல்லிய கத்தியை எடுத்தார்.

அடுத்த இரண்டரை மணி நேரம் டாக்டருக்கு எப்படிப் போயிற்று என்பதை அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மட்டுமே அறிவார்கள். கத்தி ஒவ்வொரு தடவை உள்ளே நுழைந்தபோதும் அவர் கைப்பிடியை இறுக்கினார். முதல் பாகத்தின் அட்டை முழுசாகக் கையோடு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். ஆறு வருஷமாக, உறை போட்ட கையால் மட்டுமே, அவர் தொட்டுத் தடவி வைத்திருந்த தோல்.

"இதை மட்டும் இப்ப கொடுத்துடறேன். உங்க பாகம் பசை காயற வரைக்கும் பிரஸ்ல இருக்கட்டும், அஞ்சு மணிக்கு வாங்க" என்று பைண்டர் இரண்டாம் பாகத்தை நீட்டினார். புத்தகம் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"இது வெளிய தெரியக்கூடாது."

"என் கடையில நடக்கறது எதுவும் வெளிய போனதில்ல சார்" என்றார் பைண்டர்.

டாக்டர் வீட்டுக்குள் நுழைந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வாசலில் கார் நின்றது. வக்கீல் உள்ளே வந்தார். துணி சுற்றிய புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே கிளம்பப் பார்த்தார்.

டாக்டருக்கு அங்கேதான் விதி விளையாடியது. காரியம் கச்சிதமாக முடிந்த திமிரில், "பிரிச்சுப் பார்த்துட்டே போங்க சகலை. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்றார்.

"வேணாம், வேணாம். எனக்கு உங்களைத் தெரியாதா?"

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம். பாருங்க."

வக்கீல் வேறு வழியில்லாமல் துணியைப் பிரித்தார். முன்னட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். மூடப்போனார்.

"பின்பக்கமும் பாருங்க."

வக்கீலின் கை ஒரு கணம் நின்றது. பிறகு, ஆறின காபியை விழுங்குகிற முகத்தோடு, புத்தகத்தைத் திருப்பினார். பார்த்தார். வெளிச்சத்துப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவினார். முகம் வெளிறியது. டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார்.

'பசை வாசனையைக் கண்டுபிடித்துவிட்டான்!' என்று டாக்டருக்குப் பட்டது. அப்போதுதான் தன் மார்பில் கிரீடம் இருப்பது நினைவுக்கு வந்து, சட்டென்று கையால் மறைத்துக்கொண்டார்.

"என்ன சகலை, ஏதாவது இருக்கா?"

"இல்ல... ஒண்ணும் இல்ல." வக்கீலின் குரல் கிணற்றிலிருந்து வந்தது. "ஒண்ணுமே இல்லையே..."

"ஒண்ணும் இல்லேன்னா நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆமா... நல்லதுதான். நீங்க ஏன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"வாயுத் தொல்லை. நீங்க ஏன் வேர்க்கறீங்க?"

"புழுக்கம்."

மனைவி காபி கொண்டுவந்தாள். வக்கீல் கோப்பையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "வேணாம்மா, நான் காபியை விட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு காருக்கு ஓடினார்.

கார் மறைந்ததும் டாக்டர் நாற்காலியில் சரிந்தார். நோயாளியின் நாற்காலியில்.

"தப்பிச்சேன்."

மனைவி அந்தக் காபியைத் தானே குடித்து முடித்தாள்.

"சந்தோஷமா?" என்றாள் கடைசியில். "எங்க அத்தானுக்கு என்னென்னவோ குணம் இருக்கலாம். ஆனா நம்பிப் புஸ்தகத்தைக் கொடுத்தார். போன வருஷம் உங்களோடதை வாங்கிட்டுப் போய்ப் பத்திரமா திருப்பிக் கொடுத்தார். நீங்க அதுக்குப் பதில் இன்னைக்கு வேற தோலைப் போர்த்தி ஏமாத்தி அனுப்பிட்டீங்க. சாட்சிக் கையெழுத்துப் போட்டவ நான். அக்கா மூஞ்சியை இனிமே எப்படிப் பார்ப்பேன்?"

"என் அட்டையைத்தானே கொடுத்தேன்? எனக்குத்தானே நஷ்டம்?"

"நஷ்டத்தைப் பத்தி யார் பேசினா? பொய்யைப் பத்திப் பேசறேன்."

டாக்டர் வாதாடிப் பார்த்தார். கோபித்துப் பார்த்தார். கண்ணை மூடிப் பார்த்தார். மூடினால் வக்கீலின் வெளிறிய முகம் வந்தது. எல்லாம் தெரிந்தும் வாய்விட்டுச் சொல்லாமல் பெருந்தன்மையாகப் போய்விட்டாரே மனுஷன்! தானாக இருந்தால் அந்த இடத்திலேயே ஐந்தாவது பிரிவை வாசித்துக் காட்டியிருப்போம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

நாலரை மணிக்கு எழுந்து கோட்டைக் கழற்றினார்.

"எங்க?"

"பைண்டர்கிட்ட. முதல் பாகத்தை வாங்கிட்டு நேரா சகலை வீட்டுக்குப் போறேன். உண்மையைச் சொல்லி, புஸ்தகத்தை அவர் கையில கொடுத்துட்டு வந்துடறேன்."

அவள் அலமாரியிலிருந்து பட்டுத்துணியை எடுத்துக் கொடுத்தாள்.

பைண்டர் பிரஸ்ஸின் சக்கரத்தைத் தளர்த்திப் புத்தகத்தை எடுத்துவைத்தார். முதல் பாகம் வெளுத்துப்போன, கிரீடமில்லாத பின்னட்டையோடு கிடந்தது. டாக்டர் அதைக் கையால் தடவினார். இந்தத் தடவை உறை போட்டுக்கொள்ளவில்லை. பட்டில் சுற்றினார்.

"எங்க சார், வீட்டுக்கா?"

"சகலை வீட்டுக்கு. இதையும் அவருக்கே கொடுத்துடப் போறேன். அவர் தங்கமான மனுஷன். நான்தான் அவரோட பொருளை நாசம் பண்ணி, மறைச்சு, கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னேன். மத்தியானம் நீங்க என்னவோ சொல்ல வந்தீங்க, அதைக்கூடக் கேக்காம உங்க வாயை அடைச்சேன். மன்னிச்சுக்குங்க. இப்ப சொல்லுங்க, என்ன விஷயம்?"

பைண்டர் கத்தியைத் துடைத்து உறையில் போட்டார்.

"பெருசா ஒண்ணுமில்ல சார். போன வருஷம் வக்கீல் சாரும் காபி வட்டம் விழுந்த உங்க புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு இங்கதான் ஓடிவந்து, தன் அட்டையை உங்களுக்கும் உங்க அட்டையைத் தனக்கும் மாத்தச் சொன்னார். இன்னைக்குத்தான் ரெண்டு அட்டையும் அதது வீட்டுக்குத் திரும்பியிருக்கு."